ஒன்பதாம் எண் வீட்டின் சத்தம்

எங்கள் கட்டிடத்தில் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி மாட்டியிருக்கிறது. தண்ணீர் வராத நாள், கொசு மருந்து அடிக்கிற நாள், யாருடைய ஸ்கூட்டர் குறுக்கே நிற்கிறது என்பதெல்லாம் அதில் வரும். சென்ற மழைக்காலத்தில் அதில் என் வீட்டு எண் வந்தது. ஒன்பதாம் எண் வீட்டிலிருந்து ஞாயிறு மதியங்களில் மின்பழுது போன்ற சத்தம் வருகிறதாம். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்து ஏழு நாளில் சான்றிதழ் தர வேண்டுமாம். தராவிட்டால் அடுத்த கூட்டத்தில் முடிவெடுப்பார்களாம். மராத்தியில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை டைப் அடித்து ஒட்டியிருந்தார்கள்.

அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் எரிகிற சின்ன விளக்கை மாட்டியவன் நான். மாடிப்படி விளக்குகள், பம்ப் மோட்டாரின் ஸ்டார்ட்டர், மீட்டர் அறையின் முக்கால்வாசி ஒயர் எல்லாம் என் கை பட்டவை. சாங்வியில் இந்தக் கட்டிடத்துக்குக் குடிவந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. முப்பத்திரண்டு வீட்டில் ஒரு வீடு பாக்கியில்லாமல் உள்ளே போய் ஸ்விட்ச் போர்டைத் திறந்திருக்கிறேன். என் வீட்டில் மின்பழுது என்று எனக்கே நோட்டீஸ். படித்துவிட்டு லிஃப்டில் ஏறத் தோன்றவில்லை. மூன்று மாடியும் நடந்தே ஏறினேன். காது சுட்டது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சத்தம் பழுது இல்லை, சங்கீதம். மின்கருவிகளை வைத்துச் செய்கிற சங்கீதம். அதில் ராகம் கிடையாது, பிடித்துக்கொள்ள ஒரு தாளம் கிடையாது, யாரும் அதற்கு ஆட முடியாது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணியிலிருந்து நான்கு மணி வரை அதைக் கேட்கிறேன். வாரத்தில் எனக்குப் பயமில்லாத நேரம் அந்த ஒரு மணிதான். அவர்கள் பிடுங்க வந்தது அதை.

பயம் என்றால் பேய் பிசாசுப் பயம் இல்லை. என் அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து இந்த மராத்தி ஊருக்கு, கட்கிக்கு வந்து தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். என்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் போட்டார். நான் ஒன்பதாவதில் நின்றுவிட்டேன். வீட்டுக் கஷ்டத்தால் நின்றேன் என்று சொன்னால் கேட்பவர்களுக்கு ஒரு மரியாதை வரும். எத்தனையோ இடத்தில் அப்படிச் சொல்லியும் இருக்கிறேன். உண்மை அது இல்லை. கணக்குப் பரீட்சைக்கு உட்கார்ந்தால் கை வியர்த்துத் தாள் நனைந்துவிடும். அடுத்த பரீட்சையில் வாந்தி எடுத்தேன். அதற்கடுத்ததற்குப் பள்ளிக்கூட வாசல் வரை போய்த் திரும்பியவன் பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை.

மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற கடையில் சேர்ந்தேன். அங்கே என் பயத்துக்கு வேலை இருந்தது. பயந்தவன் மெயினை அணைக்காமல் கை வைக்கமாட்டான். அணைத்த பிறகும் இரண்டு தடவை டெஸ்டர் வைத்துப் பார்ப்பான். என்னோடு வேலை கற்ற இரண்டு தைரியசாலிகளுக்கு இன்று விரல் குறைவு.

ஆனால் பயம் கடையோடு நிற்கிறதா? ஔந்த் வரை பஸ்ஸில் போனவன் இறங்கி, கீஸரை அணைத்தோமா என்று பார்க்க எதிர் பஸ் பிடித்துத் திரும்பி வந்திருக்கிறேன். "போ, போய்ப் பாத்துட்டு வா. ஒருநாள் வேணும்னே எரியவுட்டு வரேன். அப்பவாச்சும் உன் மனசு ஆறும்" என்பாள் என் மனைவி. கல்யாணப் பந்தியில் எல்லாரும் பாயசம் குடித்துக்கொண்டிருக்கையில் எனக்குத் தலைக்கு மேல் ஃபேனின் பேரிங் சத்தம் கேட்கும். சத்தம் என்றால் முப்பது வருஷமாக எனக்கு ஒரே அர்த்தம்தான்: எங்கேயோ எதுவோ சூடாகிறது, யாரோ என்னைக் கூப்பிடப் போகிறார்கள்.

இப்படிப்பட்டவன்தான் பாணேரில் ஒரு நிகழ்ச்சிக்குப் போய் நின்றேன்.

ஒரு காபிக் கடையின் பின்பக்கம் சின்னக் கூடம். கவிதை வாசிப்பார்கள், நாடகம் போடுவார்கள். அங்கே ஒயரிங் செய்தவன் நான். நிகழ்ச்சி நாட்களில் மெயின் போர்டு பக்கத்தில் நிற்பதும் என் வேலை. அன்றைக்கு மேடையில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் மட்டும். மேஜைமேல் எட்டுப் பத்து இரும்புப் பெட்டிகள். பெட்டிக்குப் பெட்டி தாவுகிற ஒயர்கள், சேமியா கொட்டிக் கிடப்பதுபோல. ஒரு ஒயருக்கும் அடையாள டேப் இல்லை. பார்த்தவுடனே என் கை சட்டைப் பையில் டெஸ்டரைத் தேடிப் பிடித்தது.

கூடத்தை இருட்டாக்கினார்கள். ஒரு உறுமல் தொடங்கியது. பழைய ட்யூப்லைட்டின் சோக் சூடானால் வருகிற அதே உறுமல். அண்ணாந்து பார்த்தேன். அந்தக் கூடத்தில் ட்யூப்லைட்டே கிடையாது. அப்புறம் பொறிகிற சத்தம். நியூட்ரல் ஒயர் லூஸாக இருந்தால் அப்படித்தான் பொறியும். எனக்கு வியர்த்துவிட்டது. நாற்பது பேர் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தருக்கும் கவலை இல்லை. மேடையைப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் இடது கை ஒரு இரும்புப் பெட்டிமேல் பதிந்திருக்கிறது. கண் மூடியிருக்கிறது. தாடை இறுகியிருக்கிறது. ஆள் அசையவில்லை.

கரண்ட் அடித்தவர்கள் சினிமாவில் வருகிறமாதிரி துள்ளிக் கத்துவார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நிஜத்தில் பலபேருக்குக் கை ஒட்டிக்கொள்ளும், பேச்சு வராது. அப்படியே நிற்பார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

மெயினை இறக்கினேன். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடி, அதன் கால்களைக் கொடுத்து அவளைப் பெட்டியிலிருந்து நெட்டித் தள்ளினேன். தொப்பென்று தரையில் உட்கார்ந்தாள். யாரோ கைபேசி விளக்கை அடித்தார்கள். அப்புறம் கைதட்டினார்கள். ஆமாம், கைதட்டினார்கள். ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று நான் நாற்காலியும் கையுமாக நிற்கிறேன், இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து நாற்பது பேர் கைதட்டுகிறார்கள்.

கூடத்தின் மேனேஜர் ஓடிவந்தார். அங்கே எல்லாரும் பேசியது இந்தி. என் தமிழில் சொல்கிறேன்: "அண்ணா, மூளை இருக்கா உனக்கு? இது பாட்டு! புரியாத விஷயத்துல ஏன் கை வெக்கிற? படிச்சவங்க வந்து கேக்குற இடம் இது. வெளிய போய் நில்லு."

வெளியே போகத் திரும்பினேன். கீழே உட்கார்ந்திருந்த பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். இடுப்பைத் தேய்த்தபடி எழுந்து, "நில்லுங்க அண்ணா. உங்களுக்கு என்ன கேட்டுச்சு? வரிசையா சொல்லுங்க" என்றாள்.

திட்டத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். "மொதல்ல சோக்கு. அப்புறம் நியூட்ரல் லூஸு. அது இடது பக்க ஸ்பீக்கர்ல மட்டும். நடுவுல ஒண்ணு படபடன்னுச்சு, மோட்டர் ஸ்டார்ட்டருக்குள்ள கான்டாக்டர் சரியா ஒட்டாம அடிச்சுக்கிற மாதிரி."

"மொதல்ல வந்தது எங்க ஹாஸ்டல் ட்யூப்லைட். நாந்தான் பதிவு பண்ணேன். படபடன்னது என்னான்னு எனக்கே தெரியாது, கான்டாக்டரா அது?" என்று கேட்டுவிட்டு மேனேஜரிடம் திரும்பினாள். "இவர் உள்ளதான் உக்காரணும். முன்னாடி. அந்த நாற்காலியையும் குடுங்க அவருக்கு, கையில இருந்தா என்னை அடிப்பாரு, உக்காரட்டும்."

மெயினை ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தேன். மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

முதல் பத்து நிமிஷம் வேலைதான் பார்த்தேன். எது எங்கிருந்து வருகிறது, எந்த இணைப்பு விட்டிருக்கிறது என்று காது தானாகத் தேடியது. பிறகு ஒரு இடத்தில் அந்த உறுமல் மெல்ல இறங்கி வயிற்றுக்குள் வந்து உட்கார்ந்தது. அப்போதுதான் தோன்றியது: இந்தப் பழுது என்னுடையது இல்லை. இதனால் எந்த வீடும் எரியாது. யாரும் என்னைக் கூப்பிடமாட்டார்கள். சட்டைப் பையில் டெஸ்டரைப் பிடித்திருந்த கை தானாக வெளியே வந்தது. தோள்பட்டை இறங்கியது. அதுநாள்வரை அதை நான் தூக்கியே வைத்திருந்திருக்கிறேன் என்பது இறங்கினபோதுதான் தெரிந்தது. எத்தனை வருஷமாக இந்தச் சத்தங்களுக்குப் பயந்துகொண்டிருந்தேன்! பயத்தை எடுத்துவிட்டுக் கேட்டால் எவ்வளவு இருக்கிறது அவற்றுக்குள்! சோக்கின் உறுமலுக்குள் இன்னொரு மெல்லிய இழை, அதற்குள் இன்னொன்று. மற்றப் பாட்டெல்லாம் நம்மை ஏதாவது செய்யச் சொல்லும். ஆடு என்னும், அழு என்னும், கும்பிடு என்னும். இது ஒன்றுமே சொல்லவில்லை. இருந்தால் இரு என்று விட்டுவிட்டது.

போகும்போது அவள் ஒரு பென் டிரைவ் கொடுத்தாள். மற்றதை இணையத்தில் நானே தேடிக்கொண்டேன். உலகம் முழுக்க இப்படி ஆட்கள் இருக்கிறார்கள். ஃப்ரிட்ஜைப் பதிவு செய்கிறான் ஒருவன். ஒருத்தி ஒரே ஒரு சுரத்தை நாற்பது நிமிஷம் நிறுத்தி வைக்கிறாள். கழித்துக்கட்டப்பட்ட இரண்டு பெரிய ஸ்பீக்கர்களுக்குப் புதுக் கோன் போட்டு வீட்டில் வைத்தேன். கட்டிடமே சாப்பிட்டுத் தூங்குகிற ஞாயிறு மதியத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் போடுவேன்.

மனைவி முதல் நாள் கேட்டுவிட்டு, "இன்னாய்யா இது, மிக்ஸிக்கு பேரிங் போன மாதிரி கீது" என்றாள்.

"அதே தான். மிக்ஸி பேரிங்தான். எப்புடிக் கண்டுபுடிச்ச?"

"தெய்வமே" என்று உள்ளே போனாள். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து அவளுடைய தங்கையிடம் ஃபோனில் சொன்னது என் காதில் விழுந்தது: "எனக்கு அந்தக் கண்றாவி புடிக்கல. ஆனா அது ஓடற நேரத்துல மனுசன் வாயே தொறக்கறதில்ல. மோட்டர் ஓடுதா, கேஸு மூடினியான்னு ஒரு கேள்வி கெடையாது. எனக்கும் அந்த ஒரு மணிநேரம்தான்டி லீவு."

அந்த ஒரு மணிநேரத்துக்குத்தான் நோட்டீஸ் வந்தது.

எனக்கு ஆத்திரம் எதில் என்றால், நான் முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற மற்றச் சத்தங்களுக்கு யார் நோட்டீஸ் ஒட்டினார்கள்? எங்கள் சந்தில் கல்யாண ஊர்வலம் போகும். லாரியில் சுவர்மாதிரி ஸ்பீக்கர் அடுக்கி வருவார்கள். ஜன்னல் கண்ணாடி தாளம் போடும், அலமாரியில் டம்ளர் நகரும். ஒருமுறை ரெண்டாம் எண் வீட்டின் கைக்குழந்தை பயந்து மூச்சுவிடாமல் அழுதது. அதன் அப்பாவே கீழே போய் ஆடிக்கொண்டிருந்தார். ஆட முடிந்தால் அது பாட்டு. ஆட முடியாவிட்டால் பழுது. இதுதான் இவர்கள் சட்டம்.

சான்றிதழ் விவகாரம் அதைவிட மோசம். லைசென்ஸ் என்னிடம் கிடையாது. ஒருகாலத்தில் விசாரித்தேன், பத்தாவது தேறின காகிதம் கேட்டார்கள். விட்டுவிட்டேன். இந்த விஷயம் கட்டிடத்தில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் பன்னிரண்டு வருஷமாக ராத்திரி பகல் பார்க்காமல் "அண்ணா, கொஞ்சம் வாங்க" என்று கூப்பிடுகிறார்கள். அவர்கள் வீட்டுக்கு என் கை போதும், என் வீட்டுக்கு மட்டும் காகிதம் வேண்டும்.

கூட்டத்துக்கு முந்தின நாள் செக்ரட்டரி என்னை மீட்டர் அறைப் பக்கம் ஒதுக்கிக் கூப்பிட்டார். வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், கெட்ட மனிதர் இல்லை. "அரே அண்ணா, எதுக்கு இவ்ளோ டென்ஷன்? ரிப்பேருக்கு வந்த ஸ்பீக்கரை டெஸ்ட் பண்றேன்னு சொல்லிடுங்க. உங்க வேலைன்னா யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. சான்றிதழும் வேணாம், கேஸ் முடிஞ்சுது."

மனைவியும் அதையே சொன்னாள். "டெஸ்டிங்குன்னு சொல்லிட்டு வா. உனக்கு இன்னா கொறைஞ்சிடப் போவுது? உன் மணிநேரம் உனக்கு, என் லீவு எனக்கு."

சரி என்றுதான் கீழே போனேன். பொய் சொல்லக்கூடாது என்ற உத்தமனெல்லாம் இல்லை நான். ராத்திரியெல்லாம் தூங்காமல் அந்த ஒரு வரியை மராத்தியில் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். வண்டி நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டு இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கை வியர்த்தது.

புகார் கொடுத்தவர் ஐந்தாம் எண் வீட்டுப் பேராசிரியர், எனக்கு நேர் கீழ்வீடு. நான் வாய் திறப்பதற்குள் செக்ரட்டரியே ஆரம்பித்தார்: "அது டெஸ்டிங் சத்தமாம். ரிப்பேர் வேலை."

பேராசிரியர் உடனே இறங்கி வந்தார். "அப்படியா? அப்ப பரவாயில்ல. பாவம், ஞாயித்துக்கிழமையும் உழைக்கிறாரு. நான் வேற நெனச்சேன்." பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். "என் பையன் பாணேர்ல போய் இந்த மாதிரி கேட்டுட்டு வருவான். எக்ஸ்பெரிமென்டல் மியூசிக்காம். அதே சத்தம்! அதுக்கெல்லாம் ஒரு படிப்பு, ஒரு பின்னணி வேணும். நம்ம அண்ணா வீட்லேர்ந்து அது எப்படி வரும்னு எனக்கே குழப்பம்." எல்லாரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்துப் பிரியமாகத்தான் சிரித்தார்கள்.

நான் எழுந்து நின்றேன். இரவெல்லாம் மனப்பாடம் செய்த மராத்தி ஒரு வார்த்தை வரவில்லை. இந்தியில்தான் சொன்னேன்.

"டெஸ்டிங் இல்ல. பாட்டுதான் அது. உங்க பையன் கேக்குறது. நானும் கேக்குறேன்."

"வேலைக்காகவா?" என்றார் பேராசிரியர்.

"புடிச்சுக் கேக்குறேன்."

செக்ரட்டரி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். கதவைத் திறந்து வைத்தேனே, வெளியே வந்திருக்கலாமே என்கிற பார்வை. அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. பாட்டு என்றால் அது பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு என்றால் மற்றவர்களுக்குத் தொந்தரவு. தொந்தரவு என்றால் ஹெட்ஃபோன். தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டார்கள். ஹெட்ஃபோனில் கேட்டால் அந்த உறுமல் காதோடு நின்றுவிடும், தரை வழியாக வயிற்றுக்கு வராது என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கும் சிரித்தார்கள்.

அடுத்த விஷயம் கணபதி உற்சவம். கடைசி நாள் ஊர்வலத்துக்கு ஸ்பீக்கர் லாரி வேண்டுமா என்று கேட்டார் செக்ரட்டரி. பேராசிரியர் உட்பட அத்தனை பேரும் கை தூக்கினார்கள். "அதையும் ஹெட்ஃபோன்ல வெச்சுக்கலாமே" என்றேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. "சாமி விஷயம் அண்ணா" என்றார் ஒருவர். சாமியை நான் எங்கே சொன்னேன்? வருஷா வருஷம் அந்தப் பந்தலுக்கு எர்த் போட்டு, மழையில் நனையாமல் ஒயருக்குப் பாலித்தீன் சுற்றுகிறவன் நான். சாமிமேல் எனக்கு என்ன கோபம்?

வந்தவர்கள் எல்லாரும் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். என் வீட்டு எண்ணுக்கு நேராகச் 'சம்மதம் இல்லை' என்று தமிழில் எழுதினேன். தமிழ் படிக்கத் தெரியாத செக்ரட்டரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க கையெழுத்து நல்லாருக்கு அண்ணா" என்றார். விளக்கம் சொல்லாமல் மேலே வந்தேன்.

நடந்ததைச் சொன்னதும் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு பொய்யி. ஒரே ஒரு பொய்யி. அதுகூட உனக்கு வரல."

அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு ஹெட்ஃபோனைக் கையில் எடுத்தேன், கீழே வைத்தேன். ஜன்னலைச் சாத்தினேன், ஸ்பீக்கரைப் போட்டேன். சத்தத்தை வழக்கத்தில் பாதியாக்கினேன். மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு வந்து கதவுத் தாழ்ப்பாளைப் போட்டாள்.

அன்றும் கேட்டேன், அதற்கடுத்த ஞாயிறும் கேட்டேன். ஆனால் அது பழைய கேட்பு இல்லை. ஒரு காது வாசலிலேயே இருந்தது. லிஃப்ட் நின்றால் திடுக்கென்றது. யாருக்கும் தெரியாமல் தோள்பட்டை மறுபடி மேலே ஏறிவிட்டது. ஹெட்ஃபோன் தீர்மானத்தைக்கூட மன்னித்துவிடுவேன். பயமே இல்லாமல் இருந்த ஒரே இடத்தில் கொண்டுவந்து பயத்தை வைத்தார்களே, அதை எப்படி மன்னிப்பது?

மூன்றாவது ஞாயிறு, மூன்றரை தாண்டி வாசல் மணி அடித்தது. மனைவி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். பாட்டை நிறுத்தவில்லை. போய்க் கதவைத் திறந்தேன். செக்ரட்டரி. பனியனோடு நின்றிருந்தார்.

"அண்ணா, எங்க வீட்டு இன்வெர்ட்டர் உறுமுது. கொஞ்சம் வந்து பாருங்க."

உள்ளே உறுமிக்கொண்டிருந்தது அவருக்கும் கேட்டது. என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். நான் நகரவில்லை.

"கருகுற வாசனை வருதா?"

"இல்ல."

"பெட்டி சூடாருக்கா? தொட முடியுதா?"

"தொட முடியுது. சத்தம் மட்டும்தான்."

"அப்ப நாலு மணிக்கு வரேன்."

"நாலு மணிக்கா? அண்ணா, ரெண்டு நிமிஷ வேலை..."

"நாலு மணிக்கு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். வாழ்க்கையில் பழுது என்று வந்தவரை நான் திருப்பி அனுப்பியதே இல்லை. மனைவி வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வந்து ஸ்பீக்கருக்கு எதிரில் உட்கார்ந்தேன். மிச்சமிருந்த இருபத்தைந்து நிமிஷத்தில் முக்கால்வாசியை நான் கேட்கவே இல்லை. அவர் வீட்டு இன்வெர்ட்டர்தான் தலைக்குள் ஓடியது. லோடு ஏறியிருக்குமா, பேட்டரித் தண்ணீர் வற்றியிருக்குமா, அவர் வாசனை இல்லை என்றது சரிதானா, சளி பிடித்த மூக்கோ என்னவோ. இரண்டு தரம் எழுந்திருக்கப் பார்த்துக் கால் தரையில் ஊன்றியது. கடைசியில் ஏழெட்டு நிமிஷம் அந்த உறுமல் தரை வழியாக ஏறி வந்தது.

நாலு அடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.